உரம் விற்றவர், உரமிடாத வயலையும் காத்தார்

கறிக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் பெரும்பங்கு. அளவில் சிறியதானாலும் விட்டுவிட முடியாத சரக்கு ஒன்று அவற்றோடு சேர்கிறது. அது டைகால்சியம் பாஸ்பேட். தீவன ஆலைகளில் சுருக்கமாக டிசிபி என்பார்கள். பொரித்த அன்று 40 கிராம் சொச்சம் இருக்கும் குஞ்சு, 6 வாரத்துக்குள் 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அந்த எடையைத் தாங்கும் கால் எலும்புக்குக் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தருவது இந்த வெள்ளைத் தூள்.

மூட்டையின் மீது பாஸ்பரஸ் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். மூட்டையில் இருப்பது வேறு, குஞ்சின் எலும்பில் போய்ச் சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் பாஸ்பேட் ஆய்வின் சாரம். கோழிக்கு முன்பே இதே கேள்வி நிலத்தில் எழுந்தது. அதற்கு வயலில் விடை தேடி, அந்த விடையை ஆலைச் சரக்காகவும் மாற்றியவர் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ். சூப்பர் பாஸ்பேட் தொழிலின் முன்னோடி, ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் நிறுவனர் என்று வேளாண் மாணவர்கள் அனைவரும் படிக்கும் பெயர் இது. கால்நடைத் தீவனத்திலும் அவர் செய்த வேலை உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பட்டம் வாங்காத பண்ணையார்

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் ஹார்ப்பென்டன் என்ற ஊர். அங்குள்ள ரோதம்ஸ்டெட் பண்ணை வீட்டில் 1814 டிசம்பர் 28 அன்று லாஸ் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். ஆனால், பட்டம் வாங்காமலே ஊர் திரும்பி, 1834-இல் பண்ணைப் பொறுப்பை ஏற்றார். அவர் நேரடியாகப் பயிர் செய்த நிலம் ஏறக்குறைய 250 ஏக்கர்.

அவருக்கு முதலில் ஆசை வேதியியலில்தான். கசகசாச் செடி போன்ற மருந்துப் பயிர்களை வளர்த்து, அவற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். அதற்காக வீட்டின் நல்ல படுக்கையறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக மாற்றினார். பண்ணையாரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த வேலை, பக்கத்துப் பண்ணையார் ஒருவர் சொன்ன சேதியால் திசை மாறியது.

ஒரு நிலத்தில் பலன், மறு நிலத்தில் பூஜ்யம்

அந்தக் காலத்து இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஆடு மாடுகளுக்கு முக்கியத் தீவனம் டர்னிப் கிழங்கு. டர்னிப்புக்கு எலும்புத்தூள் இடும் வழக்கம் பரவியிருந்தது. பக்கத்துப் பண்ணையார் கவனித்தது இதுதான்: ஒரு பண்ணையில் எலும்புத்தூள் இட்டால் டர்னிப் செழிக்கிறது, இன்னொரு பண்ணையில் அதே எலும்புத்தூள் இட்டும் ஒரு பலனும் இல்லை.

எலும்பு அதேதான். அதிலுள்ள மணிச்சத்தும் அதேதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? எலும்பில் இருப்பது டிரைகால்சியம் பாஸ்பேட். அது நீரில் கரையாது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கரையாமல் அப்படியே கிடக்கும். மண்ணில் சத்து இருந்தும் பயிருக்கு இல்லை என்ற நிலை.

லாஸ் 1830-களின் பிற்பகுதியில் தொட்டிச் செடிகளில் சோதனை தொடங்கினார். எலும்பைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்து இட்டுப் பார்த்தார். அமிலம் பட்டதும் எலும்பின் பாஸ்பேட் நீரில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டாக மாறுகிறது. கூடவே ஜிப்சம் உண்டாகிறது. தொட்டியில் கிடைத்த பலனை அப்படியே நம்பிவிடாமல் 1840, 1841 ஆண்டுகளில் பெரிய வயலில் டர்னிப்புக்கு இட்டார். இளஞ்செடி வேகமாக வளர்ந்தது. முளைப்பருவத்தில் இலையைத் துளைக்கும் வண்டுத் தாக்குதலிலிருந்தும் செடி சீக்கிரம் தப்பித்தது.

அவர் எலும்போடு நிற்கவில்லை. பூமியில் வெட்டியெடுக்கும் பாஸ்பேட் கனிமங்களையும் அதே முறையில் அமிலமூட்டிப் பார்த்தார். அவையும் பலன் தந்தன. எலும்பு கிடைக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. பாறைக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. இன்றைய டிசிபி-யின் மூலப்பொருளான ராக் பாஸ்பேட் தொழிலுக்கு வந்த வழி இதுதான்.

வழக்கும் வியாபாரமும்

1842 மே 23 அன்று லாஸ் காப்புரிமை பெற்றார். எலும்பை அமிலத்தில் கரைக்கும் யோசனை அவருடையது மட்டும் அல்ல. ஜெர்மனியின் வேதியியல் மேதை யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1840-இல் வெளியிட்ட நூலிலேயே அதைச் சொல்லியிருந்தார். அயர்லாந்தின் மருத்துவர் ஜேம்ஸ் மரே, லாஸ் காப்புரிமை பெற்ற அதே நாளில் தானும் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். மரேயின் உரிமையை லாஸ் 1846-இல் விலைக்கு வாங்கினார். எலும்பு மீதான உரிமைக் கோரிக்கையை 1848-இல் தாமே கைவிட்டு, கனிமப் பாஸ்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையோரம் டெட்ஃபோர்ட் பகுதியில் 1843-இல் அவருடைய ஆலை இயங்கத் தொடங்கியது. 1842 டிசம்பரில் கரோலின் என்பவரை மணந்திருந்தார். புதுமணத் தம்பதி வெளிநாட்டுப் பயணத்தை விட்டுவிட்டு, ஆலைக்கு இடம் தேடித் தேம்ஸில் படகில் சுற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. உரமென்றால் சாணமும் சாக்கடைக் கழிவும் என்றிருந்த காலம். நல்ல குடும்பத்துப் பண்ணையார் அதை விற்கப் போவது பலருக்கும் கௌரவக் குறைவாகத் தோன்றியது. லாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை.

சொந்தச் சரக்குக்கே சோதனை

இந்த இடத்தில்தான் லாஸ் மற்ற உர வியாபாரிகளிடமிருந்து விலகி நிற்கிறார். ஆலை தொடங்கிய அதே 1843-இல், ஜூன் மாதம், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற 25 வயது வேதியியலாளரை வேலைக்கு அமர்த்தினார். கில்பர்ட் லீபிக்கிடம் படித்தவர். சிறுவயது விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். எடையிலும் கணக்கிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. லாஸுக்கு நிலம் தெரியும். கில்பர்ட்டுக்கு ஆய்வுக்கூடம் தெரியும். 57 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பிராட்பால்க் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். வயலை நீள நீளப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தொழுவுரம். சிலவற்றுக்குப் பாஸ்பேட் போன்ற தாதுச் சத்துகள் மட்டும். சிலவற்றுக்குத் தழைச்சத்து தரும் அமோனியா உப்புகள். சிலவற்றுக்கு இரண்டும். ஒரு பட்டைக்கு மட்டும் எதுவுமே இல்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல வயல் தெளிவாகப் பேசியது. தழைச்சத்து இல்லாமல் தாதுச் சத்துகளை மட்டும் பெற்ற பட்டையில் கோதுமை விளைச்சல், ஒன்றுமே இடாத பட்டையைவிடச் சிறிதளவே கூடுதல். தழைச்சத்தும் சேர்ந்த பட்டைகளில் விளைச்சல் தொழுவுரப் பட்டைக்கு ஈடாக நின்றது. சூப்பர் பாஸ்பேட் விற்றுப் பிழைப்பவருக்கு இது இனிப்பான சேதி அல்ல. டர்னிப்பில் கிடைத்த பலனை மட்டும் விளம்பரப்படுத்திக்கொண்டு, கோதுமைக் கணக்கை மூடி வைத்திருக்கலாம். லாஸும் கில்பர்ட்டும் அதை அச்சிட்டு வெளியிட்டார்கள்.

அதனால் லீபிக்கோடு நீண்ட சண்டை மூண்டது. பயிருக்குத் தாதுச் சத்துகள் போதும், நைட்ரஜன் காற்றிலிருந்தே கிடைத்துவிடும் என்ற கட்சியில் லீபிக் நின்றார். 1845-இல் இங்கிலாந்தில் அவர் முறைப்படி ஓர் உரம் காப்புரிமையோடு விற்பனைக்கு வந்தது. மழையில் கரைந்து ஓடிவிடக் கூடாது என்று சத்துகளை உருக்கிக் கரையாத நிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சத்து முழுவதும் உள்ளே இருந்தது. ஆனால் வேருக்குக் கிடைக்கவில்லை. உரம் தோற்றது. உலகப் புகழ்பெற்ற வேதியியலாளரின் உரமானாலும் அது எடுபடுமா என்று சொல்ல வேண்டியது பயிர்தான் என்பதை அந்தத் தோல்வி காட்டியது.

தொழுவத்திலும் தராசு

பயிரிலிருந்து லாஸின் கவனம் கால்நடைக்கும் சென்றது. இடும் சத்தில் எவ்வளவு விளைச்சலாகிறது என்று வயலில் கேட்டவர், தின்னும் தீவனத்தில் எவ்வளவு உடம்பாகிறது என்று தொழுவத்தில் கேட்டார். ஆடு, மாடு, பன்றிகளுக்குத் தீவனத்தை நிறுத்துக் கொடுத்து, எடை கூடுவதைக் குறித்துவந்தார்கள்.

அத்தோடு விடவில்லை. கன்று, காளை, ஆட்டுக்குட்டி, ஆடு, பன்றி என மெலிந்த நிலையிலும் கொழுத்த நிலையிலும் 10 விலங்குகளை அறுத்து, முழு உடம்பையும் பகுத்து ஆராய்ந்தார்கள். தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, எரித்தபின் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்று கணக்கிட்டு 1859-இல் வெளியிட்டார்கள். அந்தச் சாம்பலில் என்னென்ன தாதுக்கள் உள்ளன என்ற தொடர் ஆய்வு 1883-இல் வந்தது. உடம்பின் தாதுச் சத்துகளில் பெரும்பகுதி எலும்பில் உள்ள கால்சியமும் பாஸ்பரஸும்தான். எரித்து, சாம்பலை நிறுத்து, அதிலுள்ளதைப் பிரித்துப் பார்க்கும் அந்த வேலையைத்தான் கோழி எலும்பில் நாம் இன்றும் செய்கிறோம்.

பன்றித் தீவனச் சோதனை ஒன்று கோழி வளர்ப்போர் குறிப்பாக அறிய வேண்டியது. மக்காச்சோள மாவை மட்டுமே தின்ற பன்றிகளுக்குக் கழுத்தில் பெரிய வீக்கம் கண்டது. 20 பங்கு சலித்த நிலக்கரிச் சாம்பல், 4 பங்கு உப்பு, 1 பங்கு சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றைக் கலந்து தொட்டியில் வைத்தார்கள். பன்றிகள் ஆவலோடு தின்றன. வீக்கம் வடியத் தொடங்கியது. சாம்பல், உப்பு, பாஸ்பேட் மூன்றையும் சேர்த்தே கொடுத்ததால், எது குணப்படுத்தியது என்று இந்தச் சோதனையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தானியம் மட்டும் தாதுச் சத்துக்குப் போதாது என்பது தொழுவத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

மக்காச்சோளத்தின் குறை என்ன என்பது இன்று தெளிவு. கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் ஓரளவு இருந்தாலும், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கோழியின் குடலில் மிகக் குறைவு. சோயாப் புண்ணாக்கின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆகவேதான் டிசிபி, எம்சிபி எனப்படும் மோனோகால்சியம் பாஸ்பேட், பைட்டேஸ் நொதி ஆகியவை தீவனத்தில் சேர்கின்றன. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, முதல் 3 வாரத் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதமும், பைட்டேட் அல்லாத பாஸ்பரஸ் 0.45 சதவீதமும் இருக்க வேண்டும். கால்சியம் இருக்கட்டும் என்று சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிச் சேர்த்தால், உள்ள பாஸ்பரஸும் கோழிக்குக் கிடைப்பது குறைந்துவிடும்.

குஞ்சின் எலும்பில் விடை

புதிய பாஸ்பேட் சரக்கு ஒன்றைக் கறிக்கோழியில் மதிப்பிடும் முறையைப் பார்த்தால், பிராட்பால்க் வயலின் பட்டைகள் நினைவுக்கு வரும். குஞ்சுகளைப் பல கூண்டுகளாகப் பிரிக்கிறோம். சில கூண்டுகளுக்கு வேண்டுமென்றே பாஸ்பரஸ் குறைந்த அடிப்படைத் தீவனம் மட்டும். உரமிடாத பட்டைக்கு ஒப்பானவை இவை. வேறு சிலவற்றுக்குத் தரம் தெரிந்த பாஸ்பேட்டை ஏறுவரிசை அளவுகளில் சேர்க்கிறோம். மீதிக் கூண்டுகளுக்குச் சோதிக்க வேண்டிய சரக்கை, அதே பாஸ்பரஸ் அளவுகளில் கொடுக்கிறோம். கால்சியமும் மற்றச் சத்துகளும் எல்லாத் தீவனத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தீவனத்துக்கும் ஒரு கூண்டு போதாது. பல கூண்டுகள் வேண்டும்.

எடை, தின்ற தீவனம், இறப்பு ஆகியவற்றைக் குறிக்கிறோம். முடிவில் முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பை எடுத்து, சதை நீக்கி, கொழுப்பை அகற்றி, உலர்த்தி, உலையில் எரித்துச் சாம்பலை நிறுக்கிறோம். ஒரு கிராம் பாஸ்பரஸுக்குத் தரம் தெரிந்த சரக்கு எவ்வளவு சாம்பலைக் கூட்டியது, புதிய சரக்கு எவ்வளவு கூட்டியது என்ற ஒப்பீடே அந்தச் சரக்கின் மதிப்பு.

எடை ஒன்றையே பார்த்தால் ஏமாந்துபோவோம். எடை முழுமையாகக் கூடத் தேவையான பாஸ்பரஸைவிட, எலும்பு முழுமையாக உறுதிப்படத் தேவையான பாஸ்பரஸ் அதிகம். தராசில் கோழி நன்றாக இருக்கும். எலும்பு உள்ளுக்குள் மென்மையாக இருக்கும். பிறகு நொண்டல், பிடிக்கும்போதும் ஏற்றும்போதும் கால் முறிவு, இறைச்சிக் கழிவு என்று நட்டம் கடைசியில் வரும். டர்னிப்பில் பலன் கண்ட சரக்கைக் கோதுமையிலும் சோதித்த லாஸைப் போல, எடையில் தேறிய சரக்கை எலும்பிலும் சோதிக்க வேண்டும்.

அறக்கட்டளையாக மாறிய லாபம்

ரோதம்ஸ்டெட்டில் தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் என்பது ஒரு பழைய களஞ்சியம்தான். அங்கு நடந்த வேலைக்கு நன்றியாக விவசாயிகள் நன்கொடை திரட்டிக் கட்டிக்கொடுத்த புதிய ஆய்வுக்கூடம் 1855-இல் திறக்கப்பட்டது. பட்டமே வாங்காத லாஸ், 1854-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1867-இல் அவருக்கும் கில்பர்ட்டுக்கும் அந்தச் சபையின் ராயல் பதக்கம் கிடைத்தது. 1882-இல் பாரோனெட் பட்டம் வந்தது.

1872-இல் உரத் தொழிலை 3 லட்சம் பவுண்டுக்கு விற்றார். தம் காலத்துக்குப் பிறகும் வயல்கள் தொடர வேண்டும் என்று 1889-இல் 1 லட்சம் பவுண்டு கொண்ட அறக்கட்டளையை நிறுவினார். உரம் விற்ற பணம், உரத்தைச் சோதிக்கும் நிரந்தர நிதியானது. சோதனைகளின் 50-ஆம் ஆண்டு விழா 1893-இல் நடந்தது. 1900 ஆகஸ்ட் 31 அன்று, 85-ஆம் வயதில், பிறந்த ரோதம்ஸ்டெட்டிலேயே லாஸ் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கில்பர்ட்டும் மறைந்தார்.

பிராட்பால்க் வயலில் இன்றும் கோதுமை விளைகிறது. 1843 முதல் உரமே காணாத அந்தப் பட்டையும் இருக்கிறது. அங்கு எடுத்த தானிய, வைக்கோல், மண் மாதிரிகள் சேமிப்பில் இருக்கின்றன.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனத்தை நிறுவனமே தந்துவிடுகிறது. சொந்தமாகத் தீவனம் கலப்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைக்கலாம்.

உர மூட்டையில் போடும் மணிச்சத்து சதவீதமும், தீவன பாஸ்பேட் மூட்டையில் போடும் பாஸ்பரஸ் சதவீதமும் ஒன்றல்ல. உரத்தில் சொல்வது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. அதை 0.44-ஆல் பெருக்கினால்தான் பாஸ்பரஸ் கணக்கு வரும். 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் 7 சதவீதமே. நல்ல டிசிபி-யில் ஏறக்குறைய 18 சதவீத பாஸ்பரஸ் இருக்கும்.

ராக் பாஸ்பேட்டையோ வயலுக்கு இடும் சூப்பர் பாஸ்பேட்டையோ மலிவு என்று தீவனத்தில் கலக்கக் கூடாது. பாறையில் 3 முதல் 4 சதவீதம் ஃபுளூரின் உண்டு. அது எலும்பைக் கெடுக்கும். தீவனத்துக்கான பாஸ்பேட்டில் 100 பங்கு பாஸ்பரஸுக்கு 1 பங்குக்கு மேல் ஃபுளூரின் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் வரம்பு. புதிய சரக்கு வாங்கும்போது பாஸ்பரஸ், கால்சியம், ஃபுளூரின் மூன்றுக்கும் ஆய்வறிக்கை கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரியை அனுப்பிப் பார்க்கலாம்.

புதிய சரக்குக்கு மாறும்போது கொட்டகை முழுவதையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் ஒரு பகுதியைத் தடுத்து, பழைய தீவனத்திலேயே விட்டுவையுங்கள். இரு பகுதியிலும் எடையையும் நொண்டும் கோழிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கும்போது கால் எலும்பை ஒடித்துப் பாருங்கள். உறுதியான எலும்பு சட்டென்று ஒடியும். தாதுச் சத்துக் குறைந்தது ரப்பர்போல் வளையும். வளைந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய தீவனத்தில் விட்டுவைத்த அந்தப் பகுதிதான் உங்கள் கொட்டகையின் உரமிடாத பட்டை. அது இல்லாவிட்டால், கோழி தேறியது சரக்காலா, குஞ்சின் தரத்தாலா, பருவத்தாலா என்று உங்களால் சொல்ல முடியாது. விற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.